கையெழுத்திடாத குடியரசுத் தலைவர்: கியானி ஜெயில் சிங்கும் அவர் வகித்த பதவியின் எல்லைகளும்

இந்தியக் குடியரசின் தலைவராகப் பதவி வகித்த ஒரே சீக்கியர் கியானி ஜெயில் சிங். 1982 ஜூலை 25 அன்று தொடங்கி 1987 ஜூலை 25 அன்று முடிந்த அவருடைய ஐந்தாண்டுக் காலத்தில்தான் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்தது, பிரதமர் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார், தலைநகரின் தெருக்களில் சீக்கியர்கள் உயிரோடு எரிக்கப்பட்டனர், போஃபர்ஸ் பீரங்கி பேர விவகாரம் வெடித்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின் பிரதமரான மற்றொரு சீக்கியர் மன்மோகன் சிங் அரசாங்கத்தின் தலைவர். முடிவெடுக்கும் அதிகாரம் அவர் தலைமையிலான அமைச்சரவையிடம் இருந்தது. ஜெயில் சிங் அரசின் தலைவர். ஆணைகள் அனைத்தும் அவர் பெயரால் பிறந்தன, ஆனால் அவற்றில் மிகச் சிலவற்றைத் தவிர எதையும் தாமாகப் பிறப்பிக்க அவருக்கு இடமில்லை. பொது நினைவில் அவர் இரண்டு உருவங்களாக நிற்கிறார்: தலைவி இந்திரா காந்தி சொன்னால் துடைப்பம் எடுத்துப் பெருக்கவும் தயார் என்று அறிவித்த விசுவாசி, அதே தலைவியின் மகன் ராஜீவ் காந்தியோடு மோதிய கோபக்கார முதியவர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் இவ்விரு உருவங்களை மட்டும் பார்ப்பவர்கள் கவனிக்கத் தவறுவது, குடியரசுத் தலைவராக அவர் கைகட்டி நின்று பார்க்க நேர்ந்த நெருக்கடிகளின் விதைகளில் சில, முதலமைச்சராகவும் உள்துறை அமைச்சராகவும் இருந்தபோது அவர் கையாலேயே தூவப்பட்டவை என்பதையும், பதவிக்கு எஞ்சியிருந்த சொற்ப அதிகாரங்களை அவர் மிகத் தாமதமாகவே கண்டுகொண்டார் என்பதையும்தான்.

1916 மே 5 அன்று ஃபரீத்கோட் சமஸ்தானத்தில், கோட்கபூராவை ஒட்டிய சந்த்வான் என்ற சிற்றூரில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஜர்னைல் சிங். தந்தை கிஷன் சிங் தச்சுத் தொழிலும் சிறிது வேளாண்மையும் செய்தவர். தாய் இந்த் கவுர் மகனின் சிறு வயதிலேயே இறந்துவிட, உறவுக்காரப் பெண்மணி ஒருவரின் அரவணைப்பில் பிள்ளை வளர்ந்தார். குடும்பம் ராம்கடியா எனப்படும் கைவினைஞர் சாதியைச் சேர்ந்தது. சாதி வேறுபாட்டை மறுத்து எழுந்த சீக்கிய சமயத்தில்கூட நிலமும் அரசியலும் பெரும்பாலும் ஜாட் எனப்படும் உழவர் சாதியின் பிடியில் இருந்துவந்த பஞ்சாபில், ஒரு தச்சரின் மகன் முதலமைச்சராவது மிக அரிதான நிகழ்வு என்பதை அவருடைய பிற்கால அரசியலைப் படிப்பவர் மறந்துவிடக் கூடாது. சாதி பலம் இல்லாதவர் சமய மொழியையும் கட்சித் தலைமையின் நம்பிக்கையையும் பற்றிக்கொண்டே ஏற முடிந்தது.

அந்தச் சமய மொழி அவருக்கு இரவல் வாங்கியதன்று. அமிர்தசரசில் உள்ள சீக்கிய சமயப் பரப்புநர் கல்லூரியில் பயின்று, குரு கிரந்த் சாகிப்பை ஓதவும் விளக்கவும் தேர்ச்சி பெற்றவர்களுக்கு வழங்கும் 'கியானி' என்ற பட்டத்தை அவர் பெற்றார். நவீனப் பல்கலைக்கழகப் படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. ஆங்கிலத்தில் சரளம் இல்லை. மாறாக உருதுக் கவிதை வரிகளும் குர்பாணி அடிகளும் கிராமத்துப் பழமொழிகளும் கலந்து பேசும் ஒரு மேடைத்திறமை அவரிடம் இருந்தது. தில்லியின் ஆங்கிலம் பேசும் மேல்தட்டு அவரைக் கோமாளியாகக் கண்டதற்கும், அந்தப் பார்வையையே அவர் பல சமயம் தமக்குக் கேடயமாகப் பயன்படுத்திக்கொண்டதற்கும் அடிப்படை இதுவே.

அவருடைய அரசியல் பிறப்பு சமஸ்தானச் சூழலில் நிகழ்ந்ததாகையால் அதைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட பகுதிகளில் தேர்தல்களும் சட்டமன்றங்களும் ஓரளவு உருப்பெற்றிருந்த 1930களில், மன்னர்களின் கீழ் இருந்த சமஸ்தானங்களில் பொதுக்கூட்டம் கூட்டுவதே குற்றமாக இருந்தது. 1938 ஹரிபுரா மாநாட்டிலும் காங்கிரஸ், சமஸ்தானப் போராட்டங்கள் தன் பெயரால் அல்லாமல் உள்ளூர் மக்கள் அமைப்புகளின் பெயராலேயே நடைபெற வேண்டும் என்ற நிலைப்பாட்டை எடுத்தது. அத்தகைய அமைப்புகளே பிரஜா மண்டலங்கள். ஃபரீத்கோட்டில் அதே ஆண்டில் பிரஜா மண்டலத்தைத் திரட்டிய குற்றத்துக்காக மன்னர் ஹரிந்தர் சிங்கின் ஆட்சி அவரை ஐந்தாண்டுகள் சிறையில் அடைத்தது. 1943 வரை நீடித்த அந்தக் காவலின் பெரும்பகுதி தனிமைச் சிறை. ஜெயில் சிங் என்ற பெயர் அக்காலத்திலிருந்தே அவரோடு ஒட்டிக்கொண்டது. 1946இல் மூவர்ணக் கொடி ஏற்றும் உரிமைக்காக அங்கு நடந்த சத்தியாகிரகம் ஜவாஹர்லால் நேருவையே ஃபரீத்கோட்டுக்கு வரவழைத்தது. நேருவின் பார்வையில் இவர் பட்டதும் அப்போதுதான். 1948இல் சமஸ்தானத்தில் போட்டி அரசாங்கம் ஒன்றை நிறுவ முயன்று கைதானபோது, ஜீப்பில் கட்டி இழுத்துச் செல்லப்போவதாக மிரட்டப்பட்டார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன.

அதே 1948 ஜூலையில் பாட்டியாலா, நாபா, ஜிந்த், கபூர்தலா, ஃபரீத்கோட் உள்ளிட்ட எட்டு சமஸ்தானங்களை இணைத்து பெப்சு என்ற சுருக்கப் பெயரால் அறியப்பட்ட புதிய மாநிலம் உருவாக, நேற்றைய கைதி இன்றைய வருவாய்த்துறை அமைச்சரானார். அந்தப் பகுதியில் பிஸ்வேதார் எனப்பட்ட மேல்வார உரிமையாளர்களுக்கும், தலைமுறைகளாக உழுதும் நிலத்தின் மேல் உரிமை இல்லாத முஜாரா எனப்பட்ட குத்தகை உழவர்களுக்கும் இடையே கடும் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. உழுபவர் பக்கம் நின்றதாகவே அவருடைய அமைச்சுப் பணி நினைக்கப்படுகிறது. அதன்பின் பெப்சு காங்கிரஸ் தலைமை, 1956 முதல் 1962 வரை மாநிலங்களவை, பிறகு பஞ்சாப் சட்டமன்றம், 1966இல் பஞ்சாப் காங்கிரஸ் தலைமை என்று படிப்படியாக உயர்ந்து, 1972 மார்ச் 17 அன்று முதலமைச்சரானார்.

1966 நவம்பரில் மொழிவழிப் பிரிப்புக்குப் பின் எஞ்சிய பஞ்சாபில் சீக்கியர்கள் பெரும்பான்மையினர். அவர்களின் அரசியல் பிரதிநிதி தானே என்று உரிமை கோரிய அகாலி தளத்துக்கு, குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் குழுவின் வருமானமும் அமைப்பும் பின்புலமாக இருந்தன. சமயச் சார்பற்ற கட்சி என்று தன்னை அழைத்துக்கொண்ட காங்கிரஸ் இதை எதிர்கொள்ள ஜெயில் சிங் கண்ட வழி, அகாலிகளைவிடத் தாமே நல்ல சீக்கியர் என்று காட்டுவது. 1973 ஏப்ரலில் ஆனந்த்பூர் சாகிப்பிலிருந்து தம்தமா சாகிப் வரை பத்தாம் குருவின் பயணத் தடத்தை இணைக்கும் குரு கோவிந்த் சிங் சாலையை அவர் திறந்துவைத்தபோது, அமைச்சரவையே ஊர்வலமாகச் சென்றது. குருவின் குதிரையின் வழிவந்தவை என்று சொல்லப்பட்ட குதிரைகள் முன்னே நடந்தன, வழிநெடுகிலும் மக்கள் திரண்டு வணங்கினர், அகாலித் தலைவர்களும் ஒதுங்கி நிற்க முடியாமல் அதில் கலந்துகொள்ள நேர்ந்தது. ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பழிவாங்க மைக்கேல் ஓ'டயரைச் சுட்டுக் கொன்று 1940இல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட உதம் சிங்கின் எச்சங்கள் 1974 ஜூலையில் தாயகம் கொண்டுவரப்பட்டதும், பகத் சிங்கின் தாயார் வித்யாவதிக்குப் 'பஞ்சாபின் தாய்' என்ற சிறப்பு வழங்கப்பட்டதும் அவர் ஆட்சியில்தான்.

தேர்தல் கணக்கில் இது கூர்மையான உத்தி. ஆனால் ஒரு கட்சி சமயத்தை அரசியல் களமாக ஏற்றுக்கொண்டால், எதிர்க்கட்சி அதே களத்தில் இன்னும் ஓரடி முன்னே போக வேண்டியதாகிறது. சாலைத் திறப்பு நடந்த அதே ஆண்டின் அக்டோபரில், மத்திய அரசின் அதிகாரத்தைப் பாதுகாப்பு, வெளியுறவு, நாணயம், தகவல் தொடர்பு போன்ற சிலவற்றுக்குள் சுருக்க வேண்டும் என்று கோரிய ஆனந்த்பூர் சாகிப் தீர்மானத்தை அகாலி தளத்தின் செயற்குழு நிறைவேற்றியது. அத்தீர்மானத்துக்கு வேறு பல காரணங்களும் இருந்தன. ஒன்றே மற்றொன்றை விளைவித்தது என்று கூறுவது மிகை. இருப்பினும், பக்தியில் போட்டியிட முடியாத நிலைக்குத் தள்ளப்பட்ட அகாலிகள் மாநில உரிமையில் கடுமை காட்ட வேண்டிய நெருக்கடிக்கு உள்ளானதில் முதலமைச்சரின் வெற்றிக்கும் பங்குண்டு.

அவர் முதலமைச்சராக இருந்த 1974 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு வழங்கிய ஒரு தீர்ப்பையும் இங்கே குறிப்பிடலாம். பணிநீக்கப்பட்ட கீழமை நீதித்துறை அதிகாரி ஷம்ஷேர் சிங் பஞ்சாப் அரசுக்கு எதிராகத் தொடுத்த அவ்வழக்கில், குடியரசுத் தலைவரும் ஆளுநர்களும் மிகச் சில விதிவிலக்குகள் தவிர அமைச்சரவையின் ஆலோசனைப்படியே செயல்பட வேண்டியவர்கள் என்று நீதிமன்றம் திட்டவட்டமாக உரைத்தது. 1976இல் வந்த 42ஆவது திருத்தம் அந்தக் கட்டுப்பாட்டை அரசியலமைப்பின் 74ஆவது பிரிவிலேயே எழுதிவைத்தது. ஆலோசனையை ஒருமுறை மறுபரிசீலனைக்கு அனுப்பலாம் என்ற சிறு சலுகையை 1978இல் 44ஆவது திருத்தம் சேர்த்தது. எட்டு ஆண்டுகளுக்குப் பின் ஜெயில் சிங் நுழையவிருந்த மாளிகையின் சுவர்கள், அவர் சண்டிகரில் ஆட்சி செய்துகொண்டிருந்தபோது அவருடைய சொந்த அரசு எதிர்மனுதாரராக நின்ற வழக்கில் எழுப்பப்பட்டன.

நெருக்கடி நிலைக் காலத்தில் அவர் தலைமைக்குச் சிறிதும் பிசகாத முதலமைச்சர். அமிர்தசரசில் அகாலிகள் நடத்திய தொடர் எதிர்ப்பில் ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றபோது, சமஸ்தானச் சிறையில் இளமையைக் கழித்த அந்த மனிதரிடமிருந்து மாற்றுக்குரல் எழுந்ததற்குச் சான்றில்லை. 1977இல் ஆட்சி பறிபோயிற்று. அதிகார முறைகேடு பற்றிய விசாரணை ஆணையமும் அவரைத் துரத்தியது. 1980இல் ஹோஷியார்பூர் தொகுதியிலிருந்து மக்களவைக்கு வென்று இந்திரா காந்தியின் அமைச்சரவையில் உள்துறை அமைச்சரானார்.

அவருடைய வாழ்க்கையில் மிகக் கடுமையான விமர்சனத்துக்குரிய பகுதி இந்த இரண்டரை ஆண்டுகளே. அகாலிகளின் சமயச் செல்வாக்கை உள்ளிருந்தே உடைக்க, தம்தமி தக்சல் என்ற சமயக் கல்வி மரபின் தலைவராக 1977இல் பொறுப்பேற்ற இளைஞர் ஜர்னைல் சிங் பிந்திரன்வாலேயைக் காங்கிரஸ் ஊக்குவித்தது என்றும், அந்த யோசனையில் இந்திரா காந்தியின் மகன் சஞ்சய் காந்தியோடு ஜெயில் சிங்குக்கும் பங்கிருந்தது என்றும் அக்காலத்தை நேரில் கண்ட பத்திரிகையாளர்கள் பலர் எழுதியுள்ளனர். அந்தக் குற்றச்சாட்டின் அளவு பற்றி விவாதம் உண்டு. ஆனால் பதிவான நிகழ்வுகள் போதுமானவை. 1981 செப்டம்பர் 9 அன்று பஞ்சாபின் புகழ்பெற்ற பத்திரிகையாசிரியர் லாலா ஜகத் நாராயண் கொல்லப்பட்ட வழக்கில், பிந்திரன்வாலே மேத்தா சவுக்கில் தாமே குறித்த நாளான செப்டம்பர் 20 அன்று, பெருங்கூட்டத்தின் நடுவே கைதானார். அக்டோபர் 15 அன்று விடுவிக்கப்பட்டார். அவருக்கு எதிராகச் சான்று இல்லை என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தவர் உள்துறை அமைச்சர் ஜெயில் சிங். நீதிமன்றம் சொல்ல வேண்டியதை அமைச்சர் சொன்னது ஒருபுறமிருக்க, அரசே அஞ்சும் மனிதர் என்ற பெயரோடு பிந்திரன்வாலே வெளியே வந்தார். பஞ்சாபின் அப்போதைய காங்கிரஸ் முதலமைச்சர் தர்பாரா சிங், ஜெயில் சிங்கின் நெடுநாள் உட்கட்சிப் போட்டியாளர். சண்டிகரில் தர்பாரா சிங் கடுமை காட்ட, தில்லி இளகுவதும், தில்லி கேட்பதைச் சண்டிகர் காதில் போட்டுக்கொள்ளாமல் விடுவதுமாக, இரு காங்கிரஸ்காரர்களின் பகையில் காவல்துறை செயலற்றுப்போனது.

1982இல் நீலம் சஞ்சீவ ரெட்டியின் பதவிக்காலம் முடியும் தறுவாயில் இந்திரா காந்தி இவரை வேட்பாளராக்கியதன் காரணங்களை ஊகிப்பது கடினமன்று. கொந்தளிக்கத் தொடங்கியிருந்த சீக்கியர்களுக்கு நல்லெண்ணச் சைகையாகவும், உள்துறையிலிருந்து அவரை அப்புறப்படுத்தும் வழியாகவும், முரண்டுபிடிக்காத ஒருவரை உச்சப் பதவியில் அமர்த்தும் பாதுகாப்பாகவும் அந்தத் தேர்வு ஒருசேரப் பயன்பட்டது. எதிர்க்கட்சிகள் நிறுத்தியவர் நீதிபதி எச்.ஆர்.கன்னா, நெருக்கடி நிலையின்போது ஆட்கொணர்வு வழக்கில், உயிர் வாழும் உரிமையை அரசு நிறுத்திவைக்க முடியாது என்று தனியொருவராக மாறுபட்ட தீர்ப்பெழுதி, தலைமை நீதிபதி பதவியை இழந்தவர். அமிர்தசரசில் பிறந்த கன்னாவும் பஞ்சாபியரே. பஞ்சாபியர் இருவருக்கிடையிலான அந்தப் போட்டியில் 7,54,113 வாக்கு மதிப்புகள் ஜெயில் சிங்குக்கும் 2,82,685 கன்னாவுக்கும் கிடைத்தன. துடைப்பம் பற்றிய அந்தப் பேச்சு இந்தச் சமயத்தில் வந்ததே. பணிவின் வெளிப்பாடாக அவர் கருதியதைக் கேட்டவர்கள் பதவியின் அவமதிப்பாக எடுத்துக்கொண்டனர்.

அவர் பதவியேற்ற பத்தாம் நாள், 1982 ஆகஸ்ட் 4 அன்று, அகாலி தளம் 'தர்ம யுத்தப் போராட்டம்' என்ற பெரும் கிளர்ச்சியைத் தொடங்கியது. முதல் சீக்கியக் குடியரசுத் தலைவரை அளித்ததன் மூலம் சமாதானப்படுத்த நினைத்த சமூகம், அந்தக் கொடையைப் பொருட்படுத்தவே இல்லை. அடுத்த இரண்டாண்டுகளில் பேச்சுவார்த்தைகள் தோற்க, பிந்திரன்வாலே பொற்கோயில் வளாகத்துக்குள் குடியேறி, 1983 டிசம்பரில் சீக்கியரின் உலகியல் அதிகாரபீடமான அகால் தக்துக்கே இடம்பெயர்ந்தார். 1984 ஜூன் முதல் வாரத்தில் நீல நட்சத்திர நடவடிக்கை என்ற பெயரில் ராணுவம் உள்ளே நுழைந்தது. அரசியலமைப்பின்படி முப்படைகளின் தலைமைத் தளபதியான குடியரசுத் தலைவருக்கு இந்த முடிவு முன்கூட்டித் தெரிவிக்கப்படவில்லை. அரசின் வெள்ளை அறிக்கை ராணுவத்தினர் 83 பேரும் வளாகத்தில் இருந்த ஏனையோரில் 493 பேரும் இறந்ததாகக் கூறியது. குரு அர்ஜன் தேவ் தியாக நாளுக்காக வந்து உள்ளே சிக்கிய பக்தர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை மிக அதிகம் என்பது பலருடைய கணிப்பு. ஜூன் 8 அன்று ஜெயில் சிங், இடிபாடாக நின்ற அகால் தக்தைக் காணச் சென்றபோது, வளாகத்துக்குள் இன்னும் ஒளிந்திருந்தவர்கள் சுட்டதில் அவருடன் சென்ற ராணுவ அதிகாரி ஒருவர் காயமடைந்தார்.

பதவி விலகுமாறு சீக்கியர்களிடமிருந்து எழுந்த வேண்டுகோள்களை அவர் ஏற்கவில்லை. விலகியிருந்தால் ராணுவத்தில் இருந்த சீக்கிய வீரர்களின் கொந்தளிப்பு மேலும் பெருகியிருக்கும் என்ற வாதத்துக்கு வலு உண்டு; பல முகாம்களில் சீக்கிய வீரர்கள் கலகம் செய்து வெளியேறிக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஆனால் விலகாமல் இருந்ததற்கு அவர் கொடுத்த விலை பெரிது. 1984 செப்டம்பர் தொடக்கத்தில் சீக்கியத் தலைமைக் குருமார்கள் அவரை 'தன்கையா' என்று அறிவித்தனர். சமய நெறியை மீறியவர், அதற்குரிய தண்டனையைச் சபை முன் ஏற்றுக்கொள்ளும்வரை சமூகத்தோடு கலக்கத் தகாதவர் என்பது அதன் பொருள். மகாராஜா ரஞ்சித் சிங்கையே அகால் தக்தின் முன் கூண்டிலேற்றித் தண்டனை விதித்ததாகச் சீக்கிய மரபு பெருமையோடு நினைவுகூரும். அரசனும் சபைக்குக் கட்டுப்பட்டவன் என்ற அந்த நெறி, இப்போது முடிவெடுக்கும் அதிகாரமே இல்லாத ஓர் அரசுத் தலைவர் மேல் பாய்ந்தது. நடவடிக்கையில் தமக்குப் பங்கில்லை என்ற அவருடைய விளக்கத்தைக் குருமார்கள் பின்னர் ஏற்றுக்கொண்டனர். அதிகாரமின்மையையே தம் குற்றமின்மைக்குச் சான்றாகக் காட்ட வேண்டிய நிலைக்கு முப்படைத் தலைவர் வந்து சேர்ந்தார்.

1984 அக்டோபர் 31 காலையில் இந்திரா காந்தியை அவருடைய சீக்கிய மெய்க்காவலர்கள் சுட்டபோது ஜெயில் சிங் வட யேமன் நாட்டின் சனாவில் இருந்தார். அவர் வந்துசேரும்வரை காத்திராமல், குடியரசுத் துணைத் தலைவராக இருந்த தமிழகத்தைச் சேர்ந்த ஆர்.வெங்கட்ராமனைக் கொண்டே ராஜீவ் காந்திக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைக்கலாம் என்ற யோசனை மருத்துவமனைத் தாழ்வாரங்களில் எழுந்ததையும், அதைத் தாம் எதிர்த்ததையும் பிரதமரின் முதன்மைச் செயலர் பி.சி.அலெக்சாண்டர் பதிவு செய்துள்ளார். ஒரு சீக்கியர் என்ன செய்வாரோ என்ற ஐயம் அந்த யோசனைக்குள் மறைந்திருந்தது. மாலையில் திரும்பிய ஜெயில் சிங்கின் வாகனங்கள் மருத்துவமனைக்கு அருகே கல்லெறிக்கு உள்ளாயின. நேருவும் லால் பகதூர் சாஸ்திரியும் மறைந்தபோது மூத்த அமைச்சர் குல்சாரிலால் நந்தா இடைக்காலப் பிரதமராக அமர்த்தப்பட்டு, கட்சி தன் தலைவரைத் தேர்ந்தெடுத்த பின்னரே புதிய பிரதமர் வந்தார். ஜெயில் சிங் அந்த முன்மாதிரியைக் கைவிட்டு, காங்கிரஸ் நாடாளுமன்றக் கட்சி கூடித் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே, அமைச்சர் பதவி எதையும் வகித்திராத ராஜீவ் காந்தியை அன்று மாலையே பிரதமராக்கினார். பிரதமரை நியமிப்பது, குடியரசுத் தலைவர் ஆலோசனையின்றித் தாமே முடிவெடுக்கக்கூடிய மிகச் சில தருணங்களில் ஒன்று. அந்தத் தருணத்திலும் அவர் வெளிப்படுத்தியது நேரு குடும்பத்தின் மேல் இருந்த விசுவாசத்தையே. பின்னாளில் நன்றி மறந்தவர் என்று ராஜீவ் மேல் அவர் கொண்ட கசப்பின் வேரும் இந்த மாலையில்தான் இருக்கிறது.

அன்றிரவு தொடங்கி மூன்று நாட்கள் தில்லியில் நடந்த படுகொலைகளில் இறந்த சீக்கியர்களின் எண்ணிக்கையைப் பின்னர் அரசே அமைத்த குழு 2,733 என்று கணக்கிட்டது. நவம்பர் 1 அன்று ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஜக்ஜித் சிங் அரோரா, எழுத்தாளர் பட்வந்த் சிங், அரசியல்வாதி ஐ.கே.குஜ்ரால் உள்ளிட்டோர் அவரைச் சந்தித்து ராணுவத்தை உடனே இறக்க வேண்டும் என்று மன்றாடியபோது, தலையிடும் அதிகாரம் தமக்கில்லை என்று அவர் கூறியதாகச் சென்றவர்கள் எழுதியுள்ளனர். சட்டப்படி அவர் சொன்னது சரி. படைகளை இறக்கும் ஆணை உள்துறையிலிருந்தும் பிரதமரிடமிருந்தும் வர வேண்டியது. எனினும் வானொலியில் நாட்டுக்கு நேரடியாகப் பேசுவதும், கலவரப் பகுதிகளுக்குத் தாமே செல்வதும், பிரதமரை எழுத்துமூலம் விளக்கம் கேட்பதும் எந்தப் பிரிவாலும் தடுக்கப்பட்டவை அல்ல. இரண்டே கால் ஆண்டுகளுக்குப் பிறகு, தமக்குத் தகவல் தரவில்லை என்பதற்காக அவர் எழுதிய கடிதத்தின் கூர்மையை, அந்த நவம்பரில் அவர் பயன்படுத்தாமல் விட்டதோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அவரை மதிப்பிட முடியாது.

1984 டிசம்பர் தேர்தலில் 404 இடங்களோடு வென்ற ராஜீவ் காந்தி, முந்தைய தலைமுறை அரசியல்வாதிகளிடம் பொறுமையிழந்தவர். பஞ்சாப் சிக்கலுக்குப் பெரும் பங்காளி என்ற ஐயத்தோடு ஜெயில் சிங்கை அவர் ஒதுக்கினார். 1985 ஜூலையில் அகாலித் தலைவர் ஹர்சந்த் சிங் லோங்கோவாலுடன் செய்த உடன்பாட்டில் பஞ்சாபின் முன்னாள் முதலமைச்சரிடம் கருத்துக் கேட்கப்படவில்லை. பிரதமர் அவ்வப்போது குடியரசுத் தலைவரைச் சந்தித்து ஆட்சி நிலவரத்தைச் சொல்லும் வழக்கம் நின்றுபோனது. குடியரசுத் தலைவரின் வெளிநாட்டுப் பயணங்கள் தடைபட்டன; இந்திரா காந்தி கொலை பற்றிய தக்கர் ஆணைய அறிக்கை அவருக்குத் தரப்படவில்லை. இங்குதான் அரசியலமைப்பின் 78ஆவது பிரிவு வருகிறது. அமைச்சரவை முடிவுகளைக் குடியரசுத் தலைவருக்குத் தெரிவிப்பதும், அவர் கேட்கும் தகவல்களை அளிப்பதும் பிரதமரின் கடமை என்று அது கூறுகிறது. ஆலோசனைக்குக் கட்டுப்பட்ட ஒருவருக்கு இந்த உரிமை அலங்காரமன்று. தகவல் தெரிந்தவரே எச்சரிக்கவும் மறுபரிசீலனை கேட்கவும் முடியும்.

குடியரசுத் தலைவருக்கு எல்லாம் தெரிவிக்கப்படுகிறது என்று நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டதை மறுத்து, 1987 மார்ச் 9 அன்று ஜெயில் சிங் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நான்கு நாட்களில் அது இந்தியன் எக்ஸ்பிரஸில் வெளிவந்தது. அதே மார்ச் 13 அன்று, ரிலையன்ஸ் நிறுவனம் பற்றி அதே நாளிதழில் எழுதிய கட்டுரைகளால் அரசின் கோபத்துக்கு ஆளாகியிருந்த தமிழகத் தணிக்கையாளர் எஸ்.குருமூர்த்தி கைது செய்யப்பட்டார். கடிதத்தின் வரைவில் அந்த நாளிதழைச் சார்ந்தோரின் கைவண்ணம் இருந்தது என்ற செய்தி பரவ, அரசியலமைப்புக் கேள்வி பின்னுக்குப் போய், சதி பற்றிய பேச்சு முன்னுக்கு வந்தது. மக்களவைத் தலைவர் பல்ராம் ஜாக்கர் இது குறித்த விவாதத்துக்கு இடமளிக்கவில்லை. ஏப்ரல் 16 அன்று ஸ்வீடன் வானொலி போஃபர்ஸ் பேரத்தில் கையூட்டு தரப்பட்டதாக அறிவித்ததும், ஜெயில் சிங் பிரதமரையே நீக்கப்போகிறார் என்ற வதந்தி தில்லியைச் சுற்றியது. எதிர்த்தரப்பில் சிலர் அவரை அதற்குத் தூண்டவும் செய்தனர். மக்களவையில் நான்கில் மூன்று பங்கு பெரும்பான்மை கொண்ட பிரதமரை நீக்குவது அரசியலமைப்பைப் பாதுகாப்பதாகச் செய்த உறுதிமொழிக்கே எதிரானதாக இருந்திருக்கும். கடைசியில் அவர் அதைச் செய்யவில்லை. அவருடைய விசுவாசத்தைக் கேலி செய்தவர்களும் அவருடைய கோபத்தை வளர்த்துவிட்டவர்களும் சேர்ந்து எதிர்பார்த்த நாடகம் நடக்காமல் போனதை, அவர் பதவிக்காலத்தின் சிறந்த முடிவு என்றே கொள்ள வேண்டும். ஜூலை 25 அன்று ஆர்.வெங்கட்ராமன் பொறுப்பேற்றார். 1994 நவம்பர் இறுதியில் ரோபர் மாவட்டத்தில் நேர்ந்த கார் விபத்தில் படுகாயமுற்ற ஜெயில் சிங், டிசம்பர் 25 அன்று சண்டிகர் மருத்துவமனையில் காலமானார்.

அவர் விட்டுச்சென்ற சட்டத் தடங்களில் நீடித்தது, ஒரு கையெழுத்தின் இன்மை. 1898ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டத்தின் 26ஆவது பிரிவு, பொது நெருக்கடியிலோ பொதுப் பாதுகாப்புக்காகவோ அஞ்சல்களைத் தடுத்து நிறுத்த அரசுக்கு அதிகாரம் அளித்திருந்தது. 1986இன் இறுதியில் இரு அவைகளிலும் நிறைவேறிய திருத்த மசோதா அந்தக் காரணங்களை விரித்து, தனிமனிதரின் கடிதங்களைப் பிரித்துப் பார்ப்பதை எளிதாக்கியது. 111ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளிக்கலாம், மறுக்கலாம், அல்லது கூடிய விரைவில் திருப்பி அனுப்பலாம். திருப்பி அனுப்பியதை நாடாளுமன்றம் மீண்டும் நிறைவேற்றினால் ஒப்புதலை மறுக்க முடியாது. எனவே, அசைக்க முடியாத பெரும்பான்மை கொண்ட அரசிடம் திருப்பி அனுப்புவது சில வார காலத் தாமதத்தை மட்டுமே தந்திருக்கும். ஜெயில் சிங் மூன்றில் எதையும் செய்யாமல் மசோதாவை மேசையிலேயே வைத்திருந்தார். அமெரிக்க அதிபருக்குப் பத்து நாள் கெடு உண்டு. இந்திய அரசியலமைப்பு எந்தக் கெடுவையும் குறிக்கவில்லை. பையில் போட்டுக்கொள்ளும் மறுப்பு என்று சட்டவியலார் அழைக்கும் இந்த உத்தியை இந்தியக் குடியரசுத் தலைவர் ஒருவர் பயன்படுத்திய புகழ்பெற்ற நிகழ்வு இதுவே. வெளிப்படையான எதிர்ப்பைவிட வெறும் அசையாமை வலிமையானது என்பதை, சட்டம் படிக்காத அந்தக் கிராமத்து அரசியல்வாதி சட்டத்தின் இடைவெளியிலிருந்தே கண்டெடுத்தார்.

அந்த இடைவெளி எப்போதும் குடிமக்களின் உரிமைக்குச் சாதகமாகவே பயன்படும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. தமிழ்நாட்டு மசோதாக்களை ஆளுநர் ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைத்த வழக்கில், 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அத்தகைய கிடப்பில் போடலுக்கு அரசியலமைப்பில் இடமில்லை என்று கூறிக் கால வரையறையும் விதித்தது. அதே ஆண்டு நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, குடியரசுத் தலைவர் கேட்ட கருத்துரையில், நீதிமன்றம் அத்தகைய கெடு விதிக்க இயலாது என்றது. ஜெயில் சிங் நிறுத்திவைத்த மசோதாவை வெங்கட்ராமன் 1990 ஜனவரியில் மறுபரிசீலனைக்கு அனுப்ப, 2002இல் அது திரும்பப் பெறப்பட்டது. 2023 டிசம்பரில் நாடாளுமன்றம் 1898ஆம் ஆண்டுச் சட்டத்தையே நீக்கிப் புதிய அஞ்சலகச் சட்டத்தை நிறைவேற்றியது. நாட்டின் பாதுகாப்பு, அயல்நாட்டு நல்லுறவு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காக எந்த அஞ்சலையும் இடைமறிக்கவும் திறக்கவும் அதிகாரிக்கு உரிமை தரும் அதன் 9ஆவது பிரிவு, அதே மாதத்தில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்று, 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் இருக்கிறது.